விண்டோஸுக்குள் லினக்ஸ்: மொழிபெயர்ப்பு வழியை மைக்ரோசாஃப்ட் மாற்றியது ஏன்?

ஆபீஸ் லேப்டாப்பில் விண்டோஸ், ஆப் ஓடும் சர்வரில் லினக்ஸ். ஐடி துறையில் பலருக்கும் இதுதான் நிலைமை. இரண்டுக்கும் நடுவே பாலமாக இருப்பது, விண்டோஸிலேயே லினக்ஸை இயக்கும் 'டபிள்யூஎஸ்எல்' வசதி. 2025 மே மாதம் இதன் மூல நிரலை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. சில பகுதிகளைத் தவிர. அப்படி விடுபட்டதில் ஒன்று, முதல் பதிப்பின் இதயமான டிரைவர்.

2016-ல் வந்த அந்தப் பதிப்பில் லினக்ஸ் கெர்னலே கிடையாது. 'கோப்பைத் திற', 'நினைவகம் கொடு' என்று லினக்ஸ் நிரல் கேட்பதையெல்லாம் விண்டோஸ் கெர்னலுக்குப் புரியும்படி இந்த டிரைவர் மாற்றிச் சொல்லும். அவ்வளவுதான்.

சரி, சிக்கல் எங்கே? சொல்லை மாத்திடலாம், பழக்கத்தை மாத்துறதுதான் கஷ்டம். யூனிக்ஸ் வழிவந்த சிஸ்டங்களில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பையே இன்னொரு நிரல் அழிக்கலாம். முதல் நிரல் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கும். விண்டோஸிலோ 'கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்று வழிமறிக்கும். ஃபோல்டரை அழிக்கப்போய் இதில் மாட்டாதவர்கள் குறைவு!

யூனிக்ஸ் நிரல், 'ஃபோர்க்' என்ற ஒரே அழைப்பில் தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும். ஷெல் ஸ்கிரிப்டுகள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. சாதாரண விண்டோஸ் நிரல்களுக்கு இந்த வசதி இல்லை. 1995-ல் தொடங்கிய சிக்வின், நினைவகத்தை நகலெடுத்து இதைப் போலச் செய்கிறது. வேலை நடக்கும், ஆனால் மெதுவாக.

டபிள்யூஎஸ்எல் ஃபோர்க்கைச் சமாளித்தது, கோப்புகளில் சறுக்கியது. கிட், என்பிஎம் போன்றவை ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தொடுபவை. விண்டோஸில் ஒவ்வொரு முறையும் ஆன்டிவைரஸ் உள்ளிட்ட பல சோதனைச்சாவடிகளைத் தாண்ட வேண்டும். டாக்கரின் நிலை இன்னும் மோசம். அது கெர்னலிடம் கேட்கும் பல வசதிகளுக்கு மொழிபெயர்ப்பே இல்லை. லினக்ஸில் புதிது புதிதாக வசதிகள் சேரச் சேர, பின்னாலேயே ஓடுவதும் முடியாத வேலை.

2019-ல் மைக்ரோசாஃப்ட் வேறு வழிக்கு மாறியது. அசல் லினக்ஸ் கெர்னலையே சின்ன மெய்நிகர் இயந்திரத்தில் வைத்து, டபிள்யூஎஸ்எல் 2 என்று அறிவித்தது. சுருக்கிய கோப்பை விரிக்கும் வேலையில் 20 மடங்கு வரை வேகம் என்றது. டாக்கரும் ஓடியது.

ஆனா இதுவும் சும்மா வரவில்லை. ரேம் அதிகம் தின்னும். சி டிரைவில் புராஜெக்டை வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கமிருந்து திறந்தால், இரண்டு சிஸ்டங்களுக்கும் இடையிலான எல்லையை ஒவ்வொரு கோப்பும் தாண்ட வேண்டும்; அங்கே பழைய பதிப்பே வேகம். 'பில்ட் இழுக்குது' என்று புலம்புபவர்கள் புராஜெக்டை லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றிப் பார்க்கலாம். கோப்புகள் விண்டோஸ் டிரைவில்தான் இருந்தாக வேண்டும் என்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் வழிகாட்டி இன்றும் பரிந்துரைப்பது, அந்த முதல் பதிப்பைத்தான்.