பொடி நல்லது, அந்த ஒரு வார்த்தைதான் வேண்டாம்



போன வாரம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். சொந்தமாகக் குளியல் பொடி அரைத்து விற்கிறாள். மஞ்சள், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் காயவைத்து மில்லில் அரைத்தது. நல்ல வாசனை. "டீச்சர், உங்க பேஸ்புக்ல ரெண்டு வரி எழுதுங்க" என்றாள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். "ஏழே நாளில் சிவப்பழகு" என்று அச்சடித்திருந்தது. எழுத மாட்டேன் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "ஜனங்க அதைத்தானே டீச்சர் கேக்குறாங்க?" என்றாள். அதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

மஞ்சள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதன் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி வாதாடியது. 1997-இல் அது ரத்தானது. பாட்டி வைத்தியத்துக்குக் கிடைத்த வெற்றி அது.

ஆனால் நிறம் மாறுமா? தோலின் நிறம் உள்ளே உருவாகும் மெலனினைப் பொறுத்தது. அப்பா அம்மாவிடமிருந்து வருவது. நம்மை வெயிலிலிருந்து காப்பதும் அதுதான். குர்க்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. பூசிக் கழுவினால் மேலே ஒட்டிய மஞ்சள்தான் கண்ணுக்குத் தெரியும்.

வகுப்பில் மஞ்சள் தாள் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சோப்புத் தண்ணீர் பட்டதும் சிவந்ததே! மஞ்சளால் ஆகிற சிவப்பு அவ்வளவுதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டும். ஒரு வருடம் ஆண்டு விழாவில் பாரத மாதா வேடத்துக்கு, வசனத்தைக் கணீரென்று சொன்ன பெண்ணை விட்டுவிட்டு, "கலரா இருக்கா" என்று வேறொருத்தியைத் தேர்ந்தெடுத்தேன். முதல் பெண்ணைத் திரைக்குப் பின்னால் பாட விட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கன்னமெல்லாம் மஞ்சள் அப்பிக்கொண்டு வந்தாள். ஏன் என்று எனக்குத் தெரியும். தெரியாதவள் போல அட்டெண்டன்ஸ் எடுத்தேன். அம்மா, நீ இதைப் படித்தால் இந்த டீச்சரை மன்னித்துவிடு.

இப்போதும் நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் "என்ன கலர்?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. முதலில் நாம் கேட்பதை நிறுத்துவோம்.

குளியல் பொடி தாராளமாகப் போடுங்கள். அழுக்கும் எண்ணெயும் போகும், உடம்பு மணக்கும். முதல் முறை என்றால் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒருநாள் பாருங்கள், சிலருக்கு அரிக்கும். மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைப்பது நல்லது. தூளில் பளிச்சென்ற நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்ப்பவர்களும் உண்டு.

அவளிடம் பழைய பாக்கெட் ஆயிரம் மிச்சம் இருக்கிறதாம். அந்த வரியை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டினால் செலவு என்னுடையது, முதல் பத்து பாக்கெட்டும் எனக்கே என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்