உழைச்செல்வாள்

மருந்து என்பது குப்பியிலும் குளிகையிலும் அடங்கிவிடும் பொருளன்று என்பதைத் திருவள்ளுவர் நன்குணர்ந்திருந்தார். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர், பிணியாளன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு அமையாது, பிணியாளனுக்கு அருகே நின்று வேண்டுவன செய்வானையும் உடன்கூட்டி, மருத்துவம் நான்கு கூறுடையது என வகுத்தார். அந்நான்காமவன் பெயர் உழைச்செல்வான். உழை என்பது பக்கம். இவனுக்குரிய இயல்புகளாகப் பரிமேலழகரும் நான்கினைக் கூறுவர்: நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றைச் செய்து முடிக்கும் வல்லமை, அறிவு என்பன அவை. சொல் ஆண்பாலாய் நிற்பினும், நம் இல்லங்களில் அதன் பொருள் பெரும்பாலும் பெண்பாலே. கணவன் படுக்கையில் விழுந்தானாயின் உழைச்செல்வாள் யாவள் என்று எவரும் கூடி ஆராய்வதில்லை. அது வினவப்படாமலே முடிந்துவிடுகின்றது.

யாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது ஒன்றே. அந்நான்கனுள் அன்பினை மட்டும் அவளிடம் எதிர்பார்த்து, அதனையே வாயாரப் புகழ்ந்து நிற்கின்றோம். அறிவை அவளுக்கு அளித்தற்கோ, வல்லமைக்கு வேண்டிய உறக்கத்தை அவளுக்கு ஈதற்கோ நாம் ஒருவரும் முன்வருகின்றிலோம். புற்றுநோய்க்குக் கீமோதெரபி என்னும் மருந்தேற்றுச் சிகிச்சை பெறுவோர் இல்லங்களில் இக்குறை உயிரையே தொடுவதாகும்.

1942-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தில், நச்சுவாயு ஆராய்ச்சியின் வழிவந்த நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருளை நோயாளி ஒருவருக்கு ஏற்றினர். இக்காலத்து மருந்தேற்று முறைக்கு அதனையே தொடக்கமாகக் கூறுவர். விரைந்து பெருகும் உயிரணுக்களை இம்மருந்துகள் அழிக்கும். புற்றணுக்கள் அத்தகையன, ஆயின் மயிர்க்கால், வாயின் உட்புறம், குடலின் உட்சவ்வு, குருதி பிறக்கும் எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் அணுக்களும் விரைந்து பெருகுவனவே. களை பறிக்கும் கை பயிரையும் பறிக்கின்றது. அங்ஙனம் பறியுண்ட பயிர் மீண்டும் தழைக்கும் வரையில் அருகிருந்து காப்பவளே நாம் கூறும் உழைச்செல்வாள்.

எம் சிறிய தந்தையாருக்குப் பெருங்குடலில் புற்று கண்டு, அறுவை முடிந்தபின், இரு வாரத்திற்கு ஒருமுறையாகப் பன்னிரண்டு முறை மருந்தேற்றினர். ஏறத்தாழ ஆறு திங்கள் நடந்த அச்சிகிச்சையில் ஆக்ஸாலிபிளாட்டின் என்பது ஒரு மருந்து. அதன் இயல்பு விந்தையானது. அது ஏற்றப்பட்ட சில நாள்வரை குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல்களில் ஊசி குத்தும். குளிர்ந்த நீரைப் பருகினால் தொண்டை இறுகி மூச்சடைப்பதுபோல் தோன்றும். நம்மவரோ, மருந்தின் சூடு தணியவேண்டும் என்று கருதி, குளிர்ப்பெட்டியில் வைத்த இளநீரையும் மோரையும் அன்போடு கொணர்வர். அன்பு நிறைய இருந்தது, அறிவு இல்லை. வேறு சில மருந்துகள் ஏற்றும்பொழுது வாய்ப்புண் வாராதிருக்கப் பனிக்கட்டியை வாயில் அடக்குமாறு மருத்துவரே கூறுவதுண்டு. ஒரு வீட்டிற்கு நன்மையாவது மற்றொரு வீட்டிற்குத் தீமையாதல் இதனால் விளங்கும். ஆதலின், தம் உறவினர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கொண்டு பிறர்க்கு வைத்தியம் கூறுவோர் சற்றே நாவடக்குதல் நலம்.

எம் சிற்றன்னையார் எட்டாம் வகுப்புக்கு மேற் பயின்றவரல்லர். எனினும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாடோறும் நான்கு வரி எழுதிவந்தார்: எத்தனை இட்டிலி உண்டார், எத்தனை முறை வாந்தி, எப்பொழுது உறங்கினார், காய்ச்சல் எவ்வளவு என்று. மூன்றாம் முறை முடிவதற்குள் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. மருந்தேறிய இரு நாளும் முகத்தில் தெளிவு. வாந்தியைத் தடுக்க உடன்தரும் ஸ்டீராய்டு மருந்தின் செயல் அது. மூன்றாம் நாள் முதல் வீழ்ச்சி. ஏழாம் நாளுக்கு மேல் சிறிது சிறிதாக எழுச்சி. இது தெரிந்தபின் வீட்டு வேலைகளும் விருந்தினர் வரவும் அதற்கேற்ப அமைந்தன. சட்டைப் பொத்தானை மாட்ட விரல்கள் இயலவில்லை என்று ஒரு நாள் குறித்த வரியைக் கண்டே, நரம்பு தாக்குண்டதை உணர்ந்து மருத்துவர் மருந்தின் அளவைக் குறைத்தார். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் யாம் எழுதும் உரைநடையெல்லாம் அந்நோட்டுப் புத்தகத்திற்கு நிகராகா. அதில் வீண்சொல் ஒன்றில்லை.

இனிச் சோர்வு என்பதைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இச்சிகிச்சையின் விளைவுகளுள் மிகுதியாகக் காணப்படுவதும், மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் இதுவே. களைப்பு, இளைப்பு, அயர்வு, தளர்வு, மடி எனத் தமிழிற் சொற்கள் பல உள. இவற்றுள் எதுவும் இதற்கு முற்றும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. உழைத்தவன் களைப்பு உறங்கினால் தீரும். இஃது உறங்கினாலும் தீராது. மெய் மட்டுமன்றி நினைவும் தளரும். சொல்ல வந்த சொல் நாவில் வாராது நிற்கும். விடியுமுன் எழுந்து பழகிய ஆண்மகன் பகல் பத்து மணிக்குச் சுவரை நோக்கிக் கிடந்தால் காண்போர் அதனை மடி என்பர். மனத்திட்பம் இல்லை என்பர். அவனும் தன்னை அவ்வாறே எண்ணி நாணுவன். அந்நாணமே சினமாக மாறி, அருகில் இருப்பவள்மேற் பாயும். சோறு வேண்டாமென்று தட்டைத் தள்ளுகின்றவன் உண்மையில் தள்ளுவது சோற்றை அன்று. இதனை எவரேனும் ஒருவர் முன்னரே எடுத்துச் சொல்லியிருந்தால், எத்தனை மனைவியர் அடுக்களையில் நின்று அழாதிருப்பர்!

இச்சோர்வுக்குத் தனி மருந்து கிடையாது என்று கைவிடுதலும் பிழை. குருதிச்சோகை, தைராய்டுக் குறை, வலி, உறக்கமின்மை, மனத்தளர்ச்சி ஆகியன உடன் சேர்ந்திருக்கலாம், அவை தீர்க்கத்தக்கன. ஆதலின் மருத்துவரிடம் வாய்திறந்து கூறுதல் வேண்டும். மேலும், நாள் முழுதும் படுத்திருத்தல் சோர்வைக் குறைப்பதில்லை என்பதும், மருத்துவர் ஒப்பும் அளவில் சிறு நடை பழகுவது அதனைத் தணிக்கும் என்பதும் ஆராய்ச்சியாற் கண்டவை. படுத்திருங்கள் என்று சொல்லுவதே அன்பு என நினைத்திருந்த எம் சிற்றன்னையார், மாலைதோறும் வாயில் தொடங்கி வேப்பமரம் வரையில் அவரோடு நடந்தார். உள்ள வலிமையைச் செலவிடுவதிலும் சிக்கனம் உண்டு. குளிப்பதும் ஞாயிறு ஆராதனைக்குச் செல்வதும் ஒரே காலையில் இயலாவெனின், முதல்நாள் மாலையே குளியலறையில் முக்காலி இட்டு அமர்ந்து குளித்துவிடலாம்.

எல்லாவற்றினும் தலையாயது காய்ச்சல். குருதியின் வெள்ளணுக்கள், பெரும்பாலும் மருந்தேறிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில், மிகத் தாழ்ந்துவிடும். அப்பொழுது உடற்சூடு 38 டிகிரி சென்டிகிரேடு, அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் ஆயின், அது சாதாரணக் காய்ச்சலன்று. நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுத்துச் சூட்டை மறைத்து, விடியட்டும் என்று காத்திருத்தல் உயிர்க்கு இறுதி தேடுவதாகும். இத்துணை இன்றியமையாத செய்தி எம் சிற்றன்னையார் கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளாக வந்து சேர்ந்தது! அதனை அவர் விவிலியத்தினுள் பத்திரமாக வைத்திருந்தார். விடுமுறைக்குச் சென்ற யாம் படித்துச் சொன்ன பின்னரே அதில் உள்ளது இன்னதென்று அறிந்தார்.

இவ்விடத்து எம்மொத்த தமிழ் மாணவர்க்கு ஒரு வினா எழல் இயல்பு. சங்கச் செய்யுட்களுக்கு அரும்பதவுரை எழுதப் பயிலும் நாம், ஒரு மருந்துத் தாளுக்கு உரை எழுதக் கூசுவது ஏன்? நம் பழைய மாணவருள் மருத்துவரும் செவிலியரும் பலர் உளர். அவர்கள் பொருள் கூற, நாம் எளிய தமிழில் எழுதி, அவர்கள் மீண்டும் திருத்த, கல்லூரி அச்சிட்டு வழங்கலாம். சென்னை அடையாற்றில் 1954-ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது, தம் தங்கையார் இந்நோயால் மறைந்த துயரத்தை மறவாத டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் அன்றோ? அவர் ஒரு மருத்துவமனையையே எழுப்பினார். நாம் ஒரு தாளேனும் எழுதலாம்.

சபையாரைக் குறித்தும் ஒரு சொல். அன்பினால் வருகின்றனர், ஐயமில்லை. ஆயின் வெள்ளணுக்கள் தாழ்ந்த வாரத்தில் முப்பது பேர் ஒரே அறையில் கூடுவதும், அவருள் இருவர் இருமுவதும், அனைவருக்கும் அவளே காப்பி கலப்பதும் எவ்வகை உதவி? விசுவாசம் குறைந்ததோ என்று அவள் காதுபடக் கூறுவோரும் உளர். யோபுவின் நண்பர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் வாளா அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்பால் குற்றம் காண்பதற்கில்லை. வாய்திறந்த பின்னரே பிழை தொடங்கிற்று. நம் இரெயில்வே இலாகாவும் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளியோடு உடன்செல்லும் ஒருவருக்குக் கட்டணச் சலுகை அளிக்கின்றது. இரெயில்வேக்குத் தெரிந்த உழைச்செல்வாளை நம் சபைக்குத் தெரியவில்லை!

திருமண நாளில் நோயிலும் பிரியேனென்று வாக்களித்தவள் அவளன்றோ, அவள் கடமையை அவள் செய்கின்றாள், இதிற் பிறர்க்கு என்ன என்று வினவுவார் உளராயின், அவ்வாக்கினைச் சபையார் சாட்சிகளாய் நின்று கேட்டனர் என்பதையும் நினைவூட்டுவோம். ஒருவர் வந்து மூன்று மணி நேரம் நோயாளியருகே இருந்தால் அவள் உறங்குவாள். ஒருவர் பிள்ளைகளைப் பள்ளியினின்று அழைத்து வரலாம். மணமிகுந்த தாளிதம் இல்லாத கஞ்சியும் துவையலும் ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து, உள்ளே வாராமல், திண்ணையில் வைத்துச் செல்லலாம்.

பன்னிரண்டாம் முறை முடிந்த அன்று எம் உறவினர் இனிப்பு வழங்கி, நன்றி ஜெபம் ஏறெடுத்து, ஊர் திரும்பினர். சோர்வு அவர்களோடு திரும்பவில்லை. சிகிச்சை முடிந்த பின்னும் பல திங்கள் அது நீடிப்பதுண்டு. விரல் மரத்தல் அதனினும் நெடுநாள் நிற்கும். உதவிக்கு வந்தோர் அனைவரும் நீங்கிய அந்நாட்களில்தான் எம் சிற்றன்னையார் முதன்முறையாகத் தமக்கும் உடம்பு நோகின்றது என்றார். அவ்வூரிலிருந்து இக்கல்லூரியிற் பயில்வோர் எம்மையன்றி நால்வர் உளர். சனிக்கிழமைதோறும் ஒருவர் முறைவைத்துச் செல்வதெனப் பேசி முடித்துள்ளோம்.