பங்காளிக்கு முதல் உரிமை

தேசவழமைக்கு உட்படாத கொட்டாஞ்சேனைக் குடும்பமொன்றின் தலைவர், பத்துப் பேர்ச் காணியையும் அதிலுள்ள ஓட்டு வீட்டையும் விட்டு, மரணசாசனம் எழுதாமலே காலமானார் என்று வைத்துக்கொள்வோம். 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பாதி மனைவிக்குச் சேர, எஞ்சிய பாதி நான்கு பிள்ளைகளுக்கும் எட்டில் ஒன்றாக இறங்குகிறது. தாயார் ஜீவித்திருக்கும்போதே மூத்த மகனும் மூன்று பிள்ளைகளை விட்டு இறந்தால், அவனுடைய விதவைக்குப் பதினாறில் ஒன்றும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நாற்பத்தெட்டில் ஒன்றுமாகப் பாத்தியதை சிதறி, ஒரு பேரப்பிள்ளையின் பங்கு ஏறக்குறைய 57 சதுர அடி, அதாவது ஒரு கட்டிலும் ஓர் அலுமாரியும் வைத்தால் நிறைந்துபோகும் இடம் என்றாகிவிடுகிறது. அந்த இடந்தான் எங்கே என்று கேட்டால் எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. நம் நாட்டில் நிலைபெற்ற ரோமன் டச்சுச் சட்டத்தின் நோக்கில், பங்காளி ஒவ்வொருவனும் காணியின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் தன் விகிதத்துக்கு உடையவன்.

ஆங்கிலச் சட்டமோ, ஒருவர் இறந்தவுடன் முழுச் சொத்தும் உயிரோடிருப்பவரைச் சேருகிற கூட்டுடைமை ஒன்றையும் அறியும். லண்டனில் அவ்விதம் வீடு வாங்கிப் பழகிய நம்மவர், வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி முடித்துவிட்டு, அதே ரக்ஷணை இங்கும் தானாகக் கிடைக்குமென்று நம்பியிருப்பது வீண். வேறுவிதமாக எழுதப்படாவிடின் இருவருக்கும் சரிபாதி. இறந்தவரின் பாதி அவருடைய வாரிசுகளுக்கே போகும். இதனை உணர்ந்த பெற்றோர் பிள்ளைக்கு நன்கொடை உறுதி முடித்து, தமக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொள்கிறார்கள். அதில் குறையொன்றுமில்லை, பிள்ளை நல்ல பிள்ளையாயிருக்கும் வரைக்கும்.

வீட்டிலேயே தங்கி, வரி கட்டி, கூரை வேய்ந்தவனுடைய நிலைமையும் ஸ்திரமானதன்று. கொரெயா எதிர் அப்புஹாமி வழக்கில் 1911 இல் கோமறைக் கழகம், ஒரு பங்காளியின் ஆட்சி மற்றெல்லோருடைய ஆட்சியுமாகும் என்றும், மற்றவர்களை விலக்கியமை புலப்பட்டாலன்றிப் பத்தாண்டு ஆட்சியும் பலியாது என்றும் தீர்த்தது. 1918 இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கு, மிக நீண்டகால ஆட்சியிலிருந்து அவ்விலக்கலை ஊகிக்கலாமென்று சிறிது தளர்த்திற்று. எவ்வளவு நீண்டகாலம் என்பதை வாதித்தே எத்தனையோ குடும்பங்கள் காணியின் பெறுமதியைச் செலவழித்திருக்கின்றன.

இவற்றினும் கொடிது மற்றொன்று. வெளிநாட்டிலிருக்கும் அந்தப் பேரப்பிள்ளை, அற்றோர்னித் தத்துவம் ஒன்றை அனுப்பி, தன் நாற்பத்தெட்டில் ஒன்றைச் சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ ஒரு வார்த்தை சொல்லாமல் அந்நியன் ஒருவனுக்குக் கிரயம் செய்யலாம். வாங்கியவன் மறுநாளே பங்காளியாகி, 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். துண்டாட முடியாத காணியை ஏலத்தில் விடுமுன் பங்காளிகளுக்குள்ளேயே விற்க அச்சட்டம் இடமளிப்பது மெய்தான்; ஆனால் அந்தப் படியை மிதிப்பதற்கு முன்னர் அப்புக்காத்துமாருக்கும் நில அளவையாளருக்கும் படியளந்து வருஷங்கள் போய்விடுகின்றன.

யாழ்ப்பாணத்தார் இதற்குப் பரிகாரம் பண்டே அறிந்தவர்கள். தேசவழமைப்படி காணியை விற்க எண்ணுபவன் முதலிற் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் அறிவிக்க வேண்டும். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அம்முதல் உரிமையை எழுத்தில் வரையறுத்தது. அது வடமாகாணக் காணிகளோடு நின்றுவிடுவதால், அதே சகோதரர் வெள்ளவத்தையில் வாங்கிய பொதுக் காணிக்கு அந்தக் காவல் இல்லை. பொதுவுடைமைக்கு ஒழுங்கு விதிப்பது கொழும்புக்கு ஒவ்வாத காரியமுமன்று: 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தொடர்மாடியில் வீடு தனியுரிமை, படிக்கட்டும் மின்தூக்கியும் விகிதப்படி பொதுவுரிமை, இவற்றைப் பரிபாலிக்க ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்று அனைத்தும் வகுக்கப்பட்டிருக்கின்றன. அந்நியர்களுக்கு இத்தனை செய்த சட்டவாக்க சபை, சகோதரர்களுக்கு வழக்கை மாத்திரம் விட்டுவைத்திருப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

முதல் உரிமையைக் காட்டி வடக்கிற் கிரயங்கள் தடைப்படுகின்றன, விலை விழுகிறது என்போர் உளர். அது முற்றும் பொய்யன்று. ஆயினும் பங்காளி பதில் சொல்லவேண்டிய தவணை குறுகியதாகவும், அவன் கொடுக்கவேண்டிய விலை அந்நியன் பேசிய அதே விலையாகவும் இருக்குமாறு விதித்தால், கொழும்பிற் பங்கை விற்பவனுக்கு ஒரு சதமும் நஷ்டமில்லை.