நாய்க்குப் பெயருண்டு, படகோட்டிக்கு இல்லை!

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22 வந்துவிட்டால் தலைநகரில் பழம்படக் கண்காட்சிகள் களைகட்டுகின்றன. 1639-இல் கும்பினியார் கடற்கரையிலே இடம் பெற்ற நாளாம் அது! கோட்டையின் ஓவியம், கவர்னர் மாளிகையின் ஓவியம், குதிரை வண்டிகளின் ஓவியம். "இதுதான் சென்னையின் வரலாறு" என்கின்றனர். யாருடைய வரலாறு என்று கேட்கிறோம் நாம்.

தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792-இல் சென்னை வந்தனர். கைத்திறன் மிக்கோர், மறுக்கவில்லை. ஆனால், அக்காலச் சென்னைப் படங்களை உற்று நோக்குங்கள். நுரைக்கும் கடல், அப்பால் வெண்மாளிகைகள், இடையே ஆணியின்றி நாரால் தைத்த மசூலாப் படகு. அன்று துறைமுகம் ஏது? கவர்னரானாலும் நீதிபதியானாலும், படகோட்டியின் தோள்வலியை நம்பித்தான் கரையேறினர். அவன் பெயர் படத்தின் அடியில் உண்டா? இல்லை! கோட்டையின் உயரத்தை அளந்து காட்டும் புள்ளியாக நிற்கிறான் அவன்.

ஓவியத்தை விடுங்கள், புகைப்படம் வந்ததே, அது என்ன செய்தது? 1876-78 பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக அமர்த்திப் படமெடுத்தார், பட்டாளத்து அதிகாரி ஹூப்பர். படம் நிலைத்தது, பட்டினியால் மாண்டோர் பெயர் மறைந்தது.

தோழர்களே! சவ்வாது மலைக் காவலூரில் வானை நோக்கி நிற்கிறது வைணு பாப்பு வான் ஆய்வகம். அதன் முன்னோடி, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கும்பினியார் எழுப்பிய வான் ஆய்வகம். அங்கே நட்ட கருங்கல் தூண், கட்டடம் வகுத்த மைக்கேல் டாப்பிங்கின் பெயரைச் சுமக்கிறது. அந்த மலையைச் சார்ந்த செங்கம் வட்டாரத்திலும் கற்கள் உண்டு, அவை நடுகற்கள்! எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்று, போரில் வீழ்ந்த கருந்தேவக்கத்தியைக் காட்டுகிறது. அவனருகே, கள்ளரைக் கடித்துக் காவல் காத்த நாயையும் காட்டுகிறது. கோவிவன் என்று நாயின் பெயரையும் பொறித்திருக்கிறது! ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன், பட்டிக்காட்டுச் சிற்பி நாய்க்குத் தந்த மதிப்பை, மாநகரை வரைந்த தூரிகை மனிதனுக்குத் தரவில்லை.

"படத்தில் இருப்பதைத்தானே காட்ட முடியும்?" என்பர் சிலர். படத்தை மறைக்கவா சொல்கிறோம்? வரைந்தவன் யார், வாங்கியவன் யார், அதிலே உழைப்பவன் யார் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்! 1918-இல் சங்கம் கண்ட பெரம்பூர் ஆலைத் தொழிலாளியின் வீட்டுச் சுவரிலே தொங்கும் படத்தையும் கண்காட்சிக்குக் கொண்டு வாருங்கள்! மெரீனாவில் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை, பாறை பெயர்க்கும் நால்வரை நடுவே நிறுத்தவில்லையா? கலைக்கு அது இயலாத செயலன்று.

கிளைதோறும் இப்பணியைத் தொடங்குவோம். முதியோரிடம் செல்வோம், படம் கேட்போம், படத்திலிருப்போர் பெயர் கேட்போம், எழுதி வைப்போம். கோட்டைக்குப் பெயர் போதும். இனி, அதன் கல்லைச் சுமந்தவனுக்குப் பெயர் வேண்டும்!