பழைய பெர்டானா வாங்கலாமா?

தீபாவளி நெருங்கினால் அம்பாங்வாசிகள் பலருக்குப் பினாங்கு, கெடா என்று ஊர்ப் பயணம்தான். "மலிவாகக் கிடைக்கிறதே, பழைய புரோட்டோன் பெர்டானா வி6 வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு.

1995-இல் மிட்சுபிஷி எட்டெர்னாவை அடியொற்றி வந்தது பெர்டானா. 1999-இல் அதற்கு 2.0 லிட்டர், ஆறு சிலிண்டர் இயந்திரம் பூட்டினார்கள். அமைச்சர்களைச் சுமந்த கார் அல்லவா! பின் இருக்கையில் பெரியவர்கள் அலுப்பின்றி அமரலாம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்திலும் திணறாது.

ஆனால் 2008-இல் திரெங்கானு மாநில அரசு, பராமரிப்புச் செலவு அதிகம் என்று சொல்லித்தான் இதை விட்டு மெர்சிடிஸ் வாங்கியது. அரசாங்கத்துக்கே கனத்த செலவு நமக்கு இலேசாகுமா?

ஆகவே, விலையை மட்டும் பார்க்காதீர்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு, ரசீதையும் பாருங்கள். அது அறுந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். காராக் மேட்டில் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது உதறுகிறதா, சூடு ஏறுகிறதா என்று தெரிந்துவிடும்.

பழுதுக்கென்று தனியே பணம் ஒதுக்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், சிறிய காரில் சற்று நெருக்கி உட்கார்ந்து, தாப்பா ஓய்விடத்தில் இறங்கிக் காலாறுங்கள். பாட்டியும் பேரனும் பத்திரமாய் ஊர் போய்ச் சேர வேண்டாமா!