சேலத்துக்கு எது முதல் வேலை என்று யார் முடிவு செய்தார்கள்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

மாநகராட்சி பட்ஜெட் வெளியான மறுநாள் வரவு எத்தனை கோடி, செலவு எத்தனை கோடி, பற்றாக்குறை எவ்வளவு என்று பேப்பரில் படிக்கிறோம். இந்த வேலை ஏன் முதலில், அந்த வேலை ஏன் இன்னும் பின்னால் என்பதற்கு மட்டும் எங்கும் விளக்கம் கிடைப்பதில்லை. நான்கு மண்டலம், அறுபது வார்டு, 2011 கணக்கெடுப்பிலேயே எட்டு லட்சத்தைத் தாண்டிய மக்கள் தொகை. இவ்வளவு பெரிய ஊர் தன் தேவைகளை வரிசைப்படுத்திக்கொள்ளும் விதத்தைக் கண்டித்தே இதை எழுதுகிறேன்.

நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேலம் இடம்பிடித்தது 2016 செப்டம்பரில். அடுத்த மாதமே மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. மறுபடி நாம் ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுக்கும் மேலான காலம் கவுன்சிலரும் இல்லை, மேயரும் இல்லை. தனி அலுவலர் நிர்வாகம். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு. அது மீறப்பட்ட அதே காலத்தில்தான் ஊரின் நடுப்பகுதியை இடித்துக் கட்டும் திட்டங்களுக்கு வரைபடம் போடப்பட்டது, டெண்டர் விடப்பட்டது, வேலையும் நடந்தது.

பணம் சிறிதல்ல. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு ஐந்தாண்டில் 500 கோடி ரூபாய், மாநிலத் தரப்பில் அதே அளவு என்பது ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கணக்கு. அதைச் செலவிடும் பொறுப்பு மாமன்றத்திடம் தரப்படவில்லை. கம்பெனிச் சட்டத்தின் கீழ் தொடங்கப்பட்ட தனி நிறுவனத்திடம் தரப்பட்டது. நகரின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அங்கே பணத்தைக் குவிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. இருக்கும் நகரப் பகுதியை மேம்படுத்துவதாக இருந்தால் 500 ஏக்கருக்கு மேல் இருக்க வேண்டும் என்றார்கள். சேலம் மாநகராட்சியின் பரப்பு 91 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 22,500 ஏக்கர். அம்மாப்பேட்டைத் தறிக்காரரும் கொண்டலாம்பட்டிக்காரரும் எந்தப் பகுதி, ஏன் அந்தப் பகுதி என்று கேட்க அப்போது அவர்களுக்கென்று ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

மக்களிடம் கருத்துக் கேட்டுத்தானே திட்டம் தயாரித்தார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். ஸ்மார்ட் சிட்டி பட்டியலுக்கான போட்டியில் கலந்துகொண்ட எல்லா நகரங்களும் கருத்துக் கேட்டாக வேண்டும் என்று விதி இருந்தது உண்மை. ஆனால் கருத்துப் படிவத்தை நிரப்பியவரால் பிறகு எதையும் தடுக்க முடியாது, மாற்ற முடியாது. ஓட்டு வாங்கிய ஒருவர் எழுந்து, பஸ் ஸ்டாண்ட் கட்டுவதற்கு முன் எங்கள் வார்டுக்குச் சாக்கடை வேண்டும் என்று அவையில் பதிவு செய்வதற்கு அது ஈடாகாது.

பழைய பஸ் ஸ்டாண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெரிசலில் சிக்கித் தவித்த இடம் அது. அங்கே ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கட்டப்பட்டு 2023 ஜூனில் திறக்கப்பட்ட ஈரடுக்குப் பஸ் நிலையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்மார்ட் சிட்டி என்ற சொல் இங்கே வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய பாதாளச் சாக்கடைத் திட்டம் என்ன ஆயிற்று? ஒரே இரவு நல்ல மழை பெய்தால் கிச்சிப்பாளையத்திலும் நாராயண நகரிலும் சாக்கடை நீர் வீட்டுக்குள் வருவதை ஆண்டு தவறாமல் பார்க்கிறோமே, அது ஏன் இன்னும் முதல் வரிசைக்கு வரவில்லை? பணம் வருகிற தலைப்புக்கு ஏற்பத் தேவை எழுதப்படுகிறது. தேவையை முதலில் எழுதி, அதற்குப் பணம் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லாமல் போயிற்று.

இந்த ஊருக்கு அந்த வழக்கம் தெரியாததல்ல. பனமரத்துப்பட்டி ஏரி 1911-ல் சேலம் நகரத்தின் குடிநீருக்கென்றே உருவாக்கப்பட்டது. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி. இன்றைய சேலத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய, வருமானம் குறைந்த நகரம் அன்று தண்ணீர்தான் முதல் என்று முடிவு செய்தது. 1917-ல் ராஜாஜி நகராட்சித் தலைவரானபோதும் ஊர் குடித்தது அந்த ஏரித் தண்ணீரைத்தான். மேட்டூர்த் தண்ணீர் வந்த பிறகு ஏரி கைவிடப்பட்டு, சீமைக் கருவேலம் மண்டிப் போனது. இத்தனைக்கும் அது இன்றும் மாநகராட்சியின் சொத்து.

2022 மார்ச் தொடக்கத்தில் புதிய மாமன்றம் பொறுப்பேற்றது. இனி நம் வார்டின் தேவை பேசப்படும் என்று நம்பினோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, சொத்துவரி உயர்வு வந்தது. மத்திய நிதிக்குழுவின் நிபந்தனை என்று மாநில அரசு காரணம் சொன்னது. தமிழ்நாடு முழுவதும் மாமன்றங்கள் அதற்குத் தீர்மானம் போட்டன. வரி கட்ட மறுத்து இதை எழுதவில்லை. கட்டும் வரிக்கு எந்த வேலை முதலில் நடக்கும் என்று கேட்கிற உரிமையும் கூடவே வந்திருக்க வேண்டும்.

திருமணிமுத்தாற்றைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. சேர்வராயன் மலைப் பக்கம் பிறந்து, சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்ட வயல்களைக் கடந்து காவிரியில் சேருகிற ஆறு. நகரத்தைத் தாண்டும்போது அது சுமந்து போவது நம் வீட்டுச் சாக்கடையும் சாயக்கழிவும். அந்தத் தண்ணீரைத்தான் கீழ்மடை விவசாயி கிணற்றிலும் வாய்க்காலிலும் பார்க்கிறார். சேலத்து மாமன்றத்தில் அவருக்கு ஓட்டு இல்லை. நம் பட்ஜெட்டில் சுத்திகரிப்பு பின்னுக்குத் தள்ளப்பட்டால் அவருடைய நிலம் கெடுகிறது. நகருக்குள் ஆற்றங்கரையை அழகுபடுத்துவதைவிட, ஆற்றில் விழும் சாக்கடையை நிறுத்துவது முதல் வேலை என்று அவர் சொல்வார். அவரைக் கேட்டது யார்?

கேட்கும் உரிமையை இழந்தவர்கள் அந்தப் பக்கத்திலும் உண்டு. நாமக்கல்லும் 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. சுற்றியிருந்த ஊராட்சிகள் அதில் சேர்க்கப்பட்டன. வீட்டுவரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று அந்த ஊர்மக்கள் எதிர்த்தது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இழப்பு இன்னொன்று: கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை மரத்தடியிலோ பள்ளிக்கூடத்திலோ கூடி, கணக்கைக் கேட்டு, தீர்மானம் எழுத வைத்தவர்கள் அவர்கள். எல்லைக்கோடு மாறியதும் அந்த உரிமை போய்விட்டது. நகரவாசிக்கு அதற்கு ஈடாகச் சொல்லப்படுவது, வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளருக்குமான பகுதி சபை.

மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழு அமைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் சொன்னது. அது நடைமுறைக்கு வந்தது 1993-ல். தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தது 2022-ல். வார்டு குழு உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். அப்படியிருந்தும் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் பகுதி சபையில் எழுதப்படும் தீர்மானம் பட்ஜெட்டைக் கட்டுப்படுத்தாவிட்டால் அது தெருவிளக்குப் புகார் வாங்கும் கூட்டமாகவே நின்றுவிடும்.

பட்ஜெட்டில் மக்கள் சொல்லுக்கு இடம் கொடுத்த ஊர்கள் உண்டு. புனே மாநகராட்சி 2006 முதல் பட்ஜெட் தயாரிக்கும் முன்பே, தங்கள் வார்டில் நடக்க வேண்டிய வேலைகளைக் குடிமக்களிடம் எழுதி வாங்கிவருகிறது. பக்கத்துக் கேரளம் 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடமே கொடுத்தது. அங்கும் குறைகள் உண்டு. ஆனாலும் எது முதல் வேலை என்ற கேள்வி அங்கே மக்கள் முன்னால் வைக்கப்பட்டது.

சேலம் மாநகராட்சியிடம் நான் கேட்பது கடினமானதல்ல. பட்ஜெட்டுக்கு ஒரு மாதம் முன்பாக, வார்டு வாரியாக உத்தேச வேலைப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு மண்டல அலுவலகங்களிலும் ரேஷன் கடைகளிலும் ஒட்டுங்கள். அதை வைத்தே பகுதி சபையைக் கூட்டுங்கள். அங்கே முதல் மூன்று வேலைகள் எவை என்று முடிவாகட்டும். மாமன்றம் அதை ஏற்காவிட்டால் என்ன காரணம் என்று தீர்மானத்திலேயே எழுதப்படட்டும். வெளியிலிருந்து எந்தத் திட்டப் பணம் வந்தாலும், அது இந்தப் பட்டியலில் எந்த வேலைக்கு என்று முதலில் மாமன்றத்தில் சொல்லப்படட்டும்.

இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தோடு நிறைகிறது. அதற்குள் தேர்தலை நடத்தும் கடமை மாநிலத் தேர்தல் ஆணையத்துடையது. இன்னொரு தனி அலுவலர் காலத்தில் இன்னொரு பெரிய திட்டம் இந்த ஊரின்மேல் இறங்குவதை நாங்கள் ஏற்க மாட்டோம். வேலைப் பட்டியல் மக்கள் முன் வைக்கப்படுமா, தேர்தல் உரிய காலத்தில் நடக்குமா என்று தங்கள் இதழ் மாநகராட்சியிடமும் ஆணையத்திடமும் நேரடியாகக் கேட்டு, அவர்கள் தரும் பதிலை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அம்மாப்பேட்டை, சேலம்.