பதினெட்டு வயதில் கைவிரிக்கும் சட்டம்

நான்கு வயதுப் பிள்ளை எதிரே வருபவர்களை எல்லாம் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறது. சால் வீடுகளில் குடியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அதே பிள்ளை பதினான்கு வயதில், அரும்பு மீசையோடு, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் போலீசுக்குப் புகார் போகிறது. பிள்ளையின் மனதில் புதிதாக எதுவும் புகவில்லை. உயரமும் பலமும்தான் கூடியிருக்கின்றன.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரின் பாடு இதுதான். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அது சிறு வயதில் வந்து, மருந்தில் தீர்ந்துபோகும் நோய் அல்ல. ஆயுள் முழுவதும் உடன் இருப்பது. வயதுக்கு வயது கோலம் மாறுவது. ஆனால் நமது சர்க்கார் திட்டங்களும், மருத்துவமனைகளும், பொதுமக்களின் அனுதாபமும் சிறு குழந்தையைத்தான் பார்க்கின்றன.

கணக்கெடுப்பிலேயே இது தெரிகிறது. ஹைதராபாத், வடக்கு கோவா உள்ளிட்ட ஐந்து இடங்களில் நடந்து 2018-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, ஏறத்தாழ நூறு குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஆட்டிசம் இருப்பதாகக் கண்டது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 2 முதல் 9 வயது வரை உள்ளவர்கள். பத்து வயதுக்கு மேல்? 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டினாலும் விடை கிடைக்காது. ஆட்டிசத்துக்கு அதில் தனிக் கட்டமே இல்லை. 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அதை ஏற்ற சட்டம் வந்ததே 2016-ல்தான். 2027-க்கு என அறிவிக்கப்பட்ட கணக்கெடுப்பை இந்தப் பெற்றோர் எதிர்பார்ப்பதில் வியப்பில்லை.

வயதோடு மாறும் கோலம்

மூன்று, நான்கு வயதில் பேச்சு வராதது, கூப்பிட்டால் திரும்பாதது, செருப்புகளை வரிசையாக அடுக்குவது ஆகியவை பெற்றோரைக் கவலைப்படுத்தும். எட்டு வயதில் ஒரே கேள்வியை நூறு தடவை கேட்பதும், பள்ளிக்கூட மணிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவதும் பெரிதாகத் தெரியும். இவற்றில் சில தாமாகவே குறைந்துவிடுவதும் உண்டு.

பெரும் சோதனை பருவ வயதில் வருகிறது. தலையை ஐந்து வயதுக்காரன் சுவரில் மோதினால் தாய் பிடித்துக்கொள்ளலாம்; பதினைந்து வயதுக்காரனைப் பிடிக்க முடியாது. பெண் பிள்ளையானால் மாதவிடாய் நாட்களைப் பழக்க வேண்டும். சிலருக்கு இந்த வயதில்தான் முதன்முதலாக வலிப்பு வருகிறது. திடீரென்று முரட்டுத்தனம் தோன்றினால் பிள்ளை கெட்டுவிட்டதாக முடிவு கட்டுவது தவறு. சொத்தைப் பல்லாகவோ, மலச்சிக்கலாகவோ இருக்கலாம். வாய்விட்டு வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை அடித்துத்தான் சொல்கிறது. முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டியது உடம்பை.

பதினாறு வயதில் கூடாது என்பதை ஆறு வயதிலேயே பழக்காமல் இருப்பதுதான் நல்லது என்பது இத்துறையில் உள்ளவர்களின் அனுபவம். கட்டிக்கொள்வதற்குப் பதில் கைகூப்பக் கற்றுக்கொடுத்தால், அந்த வணக்கம் அறுபது வயதிலும் உதவும்.

ஆட்டிசத்தை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது, அமெரிக்க டாக்டர் லியோ கானர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை. 1971-ல் அவர் அதே பிள்ளைகளின் பிற்கால நிலையை ஆராய்ந்தார். பெரிய விடுதிகளில் விடப்பட்டவர்கள் முன்பு இருந்த திறமையையும் இழந்திருந்தார்கள். முதல் குழந்தையான டொனால்டு டிரிப்லெட்டின் கதை வேறு. அவர் சில காலம் ஒரு விவசாயத் தம்பதியின் வீட்டில் வளர்ந்தார். எதையும் அளந்துகொண்டே இருப்பார். அவரைக் கிணறு தோண்டச் சொல்லி, ஆழம் எவ்வளவு என்று கேட்டார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணுவார். ஏர் ஓட்டிக்கொண்டே எண்ணச் சொன்னார்கள். பின்னர் படித்து, தமது ஊர் பாங்கிலேயே வேலை பார்த்து, 2023-ல் 89-வது வயதில் காலமானார். அந்த பாங்கை நிறுவியதே அவருடைய தாயார் குடும்பம் என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் அப்படி அமையாது. ஆனால் அந்த விவசாயி கையாண்ட வழிக்குக் காசு தேவையில்லை.

தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்கு இடமும் இல்லை, ஆளும் இல்லை. பாட்டி ஊரில் இருக்கிறார். தகப்பனார் இரண்டு ஷிப்டு பார்க்கிறார். போதாதற்கு, "வீட்டில் தமிழ் பேசாதீர்கள், குழந்தை குழம்பும்" என்ற உபதேசம் வேறு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு மேலும் தாமதப்படுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் குழந்தையைக் கொஞ்சச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

பதினெட்டாவது பிறந்த நாள்

2016 சட்டப்படி இலவசக் கல்வி 6 வயது முதல் 18 வயது வரை. அதே 18-ல் இன்னொன்றும் முடிகிறது. சட்டத்தின் கண்ணில் பிள்ளை 'மேஜர்' ஆகிவிடுவதால், பெற்றோர் தாமாகவே கார்டியன் என்ற நிலை போய்விடுகிறது. பாங்கிலும், சொத்து விவகாரத்திலும் இந்தச் சிக்கல் முளைக்கிறது.

இதற்கு வழி 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து கார்டியனை நியமித்துக்கொள்ளலாம். தாராவி, மாட்டுங்காவாசிகளுக்கு மும்பை நகர மாவட்டம். செம்பூர், முலுண்டுவாசிகளுக்குப் புறநகர் மாவட்டம். தன் காரியத்தைத் தானே பார்க்கக்கூடிய பிள்ளைக்குக் கார்டியன் தேவையில்லை. குழு அதையும் ஆராய வேண்டும். அதே அறக்கட்டளையின் 'நிராமயா' இன்ஷூரன்சில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். நாளை ஊருக்குத் திரும்பினாலும் பயன்படும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. இத்தகைய பிள்ளையைப் பராமரிப்பவரை வழக்கமான டிரான்ஸ்பரிலிருந்து, நிர்வாக நிலைமைக்கு உட்பட்டு, விலக்கலாம் என்று 2014-ல் உத்தரவு வந்தது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பெற்றோர் மறைந்த பிறகு பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்பப் பென்ஷனும் உண்டு. தோல் பட்டறையிலும் இட்லிக் கடையிலும் வேலை பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. வேலைவாய்ப்பில் ஆட்டிசம் உள்ளிட்ட பல குறைபாடுகளுக்குச் சேர்த்து 1 சதவீத ஒதுக்கீட்டை 2016 சட்டம் தந்திருக்கிறது. அதை எட்டும் அளவுக்குப் பயிற்சி தர, 18 வயதுக்குப் பிறகு கதவைத் திறந்து வைத்திருக்கும் இடங்கள் மிகச் சில.

உள்ளூர்க் குழு மனுவை ஏற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கார்டியனாகப் போகிறவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். தாய் தகப்பனுக்குப் பிறகு யார் என்று வரும்போது அந்தச் சம்மதத்தைத் தர வேண்டியவர் பெரும்பாலும் கூடப் பிறந்த அண்ணனோ தங்கையோதான். பல வீடுகளில் அவர்களிடம் இந்தப் பேச்சை இன்னும் யாரும் எடுக்கவில்லை.